பதின்ம வயது மனச்சோர்வும் பதற்றமும் வேலை வாழ்க்கையில் விட்டுச்செல்பவை: பினாங்குத் தமிழர்களுக்கான கேள்வி-பதில்

இந்தப் பக்கம் இரு தரப்பினருக்கு. பள்ளி நாள்களில் மனச்சோர்வோ மனப்பதற்றமோ வந்து, அதற்குப் பெயர்கூடத் தெரியாமல் கடந்து, இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலோ ஜார்ஜ் டவுன் அலுவலகத்திலோ தடுமாறுகிறவர்கள் ஒரு தரப்பு. இப்போது அந்த வயதில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் இன்னொரு தரப்பு. வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

படிவம் 4-இல் வந்துபோன மனச்சோர்வு 30 வயதில் வேலையைப் பாதிக்குமா?

பாதிக்கலாம்; எல்லாருக்கும் ஒரே அளவில் அல்ல. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வேலையிடத்தில் தெரிகிற சிரமம் பல நேரங்களில் பழைய கணக்கின் பாக்கி.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1992-இல் தொடங்கி 1,943 மாணவர்களை 29 வயது வரை பின்தொடர்ந்தார்கள். பதின்ம வயதில் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு வளர்ந்த பிறகு மறுபடி வந்தது. ஆனால் ஒரே தடவை, அதுவும் 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குப் பிறகு வரவேயில்லை. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 1977-இல் பிறந்த 1,265 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்விலும், 16 முதல் 21 வயதுக்குள் மனச்சோர்வு எத்தனை தடவை வந்ததோ அதற்கேற்பப் பின்னாளில் வேலையின்மை கூடியது.

அதே கிரைஸ்ட்சர்ச் ஆய்வின் 2002 அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: படிப்பில் பின்தங்கியதற்குக் குடும்பச் சூழலும் மற்றக் காரணங்களும் பெரும்பங்கு. எனவே எல்லாப் பழியையும் நோயின் தலையில் கட்டவும் முடியாது. மருத்துவரைப் பார்க்கும் முன், எந்த வயதில் தொடங்கியது, எத்தனை மாதம் இருந்தது, எத்தனை தடவை வந்தது என்று அம்மாவையோ அக்காவையோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையின் நீளத்தை முடிவு செய்ய இந்த மூன்றும் பெரிதும் உதவும்.

எந்த வழியாகத்தான் அது வேலையைத் தொடுகிறது?

சான்றிதழ் ஒரு வழி. நோய் சரியாக எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) வருடத்தில் வந்தால் அதன் விலை பல வருடம் நீள்கிறது. (இதற்குக் கீழே தனிப் பதில் உண்டு.) தூக்கம் இன்னொரு வழி. மூன்றாவது, கவனமும் நினைவும்: மனம் தெளிந்த பிறகும் சிலருக்கு நீளமான செயல்முறைக் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி நழுவிவிடும். இதற்குச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும், "ஒன்று முடிந்தபின் அடுத்தது" என்ற பழக்கமும் போதிய அளவு கைகொடுக்கின்றன.

நான்காவதுதான் பெரியது: விலகல். 15 வயதில் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நெஞ்சு படபடக்கிறது. கழிப்பறைக்கு என்று சொல்லி வெளியேறினால் உடனே அடங்குகிறது. விலகினால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அதே பாடம் 30 வயதில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்கு, பழுதான ஒரு லாட்டைப் (சரக்குத் தொகுதியை) பற்றி சூப்பர்வைசர் காலை 9.10-க்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். தலைப்பைப் பார்த்ததும் ஊழியருக்கு வயிறு பிசைகிறது. திறக்காமல் வேறு வேலை பார்க்கிறார். 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "பார்த்தீங்களா?" என்று வருகிறது. திறந்தால் நீலக் கோடு விழுந்துவிடுமே என்று அதையும் திறப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிறார், சூப்பர்வைசர் எதிரே வந்துவிடக் கூடாது என்று. மாலையில் லாட் வெளியே போய்விடுகிறது. பிழை சிறியது. வருட இறுதி மதிப்பீட்டில் எழுதப்படுவது "தொடர்பில் இருப்பதில்லை" என்பது.

மருந்தால் மனம் தெளிந்தாலும் இந்த விலகல் தானாகப் போவதில்லை, அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே. நன்றாகத் தேறியும் வேலையில் அதே இடத்தில் நின்றுவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதிச் சிகிச்சைதான் கிடைத்திருக்கிறது.

விலகலை எப்படி உடைப்பது?

படிப்படியாக. அச்சம் தரும் 8 அல்லது 10 சூழ்நிலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போடுங்கள். 30 அளவில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். போன் பேச அஞ்சுகிறவருக்கு அந்த ஏணி இப்படி இருக்கலாம்: கடைக்கு அழைத்து எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்று கேட்பது, 30. யாரும் இல்லாதபோது சரக்கு அனுப்புபவரை அழைப்பது, 45. பக்கத்து மேசையில் ஆள் இருக்க அதே அழைப்பு, 60. சூப்பர்வைசரை அழைத்து ஒரு கேள்வி கேட்பது, 75. ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் கூட்டத்தில் ஒரு வாக்கியம் பேசுவது, 90.

ஒரு படியை வாரத்துக்கு 4 அல்லது 5 தடவையாவது செய்யுங்கள். மதிப்பெண் பாதியாகும்வரை அடுத்த படி வேண்டாம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது விட்டுவிடாமல், கொஞ்சமாவது தணியும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் வெளியேறினால் "விலகினால் நிம்மதி" என்ற பழைய பாடமே இன்னும் ஆழப் பதியும்.

தவறுவது வழக்கமாக மூன்று இடங்களில். ஒன்று, வீறாப்பாக 90-இல் தொடங்குவது. இரண்டு, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் செய்வது. இடைவெளியில் பயம் மறுபடி ஏறிவிடுகிறது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: பேசப்போவதை வரிக்கு வரி எழுதிவைத்துப் படிப்பது, துணைக்கு நண்பரை நிறுத்துவது. அழைப்பு நன்றாக முடிந்தாலும் "தாள் இருந்ததால் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு வைக்கும். முதல் இரண்டு தடவை தாள் இருக்கலாம், பிறகு எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு ஒரே விதி: வந்ததும் திற, இரண்டு நிமிடத்தில் "பார்த்தேன், 2 மணிக்குள் பதில் தருகிறேன்" என்று அனுப்பு. பிரச்சினை தீராவிட்டாலும் மௌனம் உடைந்துவிடும்.

பதற்றத்தைவிடச் சோர்வுதான் தூக்கல் என்றால் ஏணிக்குப் பதில் நேர அட்டவணை. நாளை மணி வாரியாகப் பிரித்து, செய்ததை எழுதி, எவ்வளவு சாதித்த உணர்வு, எவ்வளவு இன்பம் என்று இரண்டுக்கும் 0 முதல் 10 வரை எண் போடுங்கள். ஒரு வாரத் தாளிலேயே எந்த மணி நேரம் உங்களைக் கீழே இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வில் செயல்தான் முந்தி வரும், மனம் பின்னால் வரும்.

காலையில் எழ முடியாமல், சொல்லாமலே வேலைக்குப் போகாமல் விட்டுவிடுகிறேன். என்ன ஆகும்?

வேலை பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொடர்ந்து 2 வேலைநாளுக்கு மேல் வராமல் இருந்தால், தகுந்த காரணம் இருந்து அதை முதலாளிக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தாலொழிய, ஒப்பந்தத்தை மீறியதாகக் கொள்ளப்படும். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைத்தாலும் நோய் விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

வெளிநோயாளி நோய் விடுப்பு, 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள். 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள். 5 வருடமும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். மனநோய்க்கான எம்.சி.யும் மற்ற எம்.சி. போலத்தான்.

நல்ல நாள் ஒன்றில் இந்தச் செய்தியைப் போனில் எழுதிச் சேமித்து வையுங்கள்: "இன்று உடல்நலமில்லை. கிளினிக் போகிறேன். எம்.சி. கிடைத்ததும் அனுப்புகிறேன்." வேலையிடத்து மொழியிலேயே எழுதுங்கள். மோசமான காலையில் வாக்கியம் யோசிக்க முடியாது, அழுத்த மட்டும் முடியும்.

மோசமான வாரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். தானாக விலகியவருக்குப் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைவாய்ப்புக் காப்புறுதி கிடைக்காது. வேலையை இழந்தவர் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விலகுவதற்கு முன் இன்னொரு வழி உண்டு. 1 ஜனவரி 2023 முதல், வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

எங்கே போவது, எவ்வளவு செலவாகும்?

வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் (சுகாதார கிளினிக்) போதும். குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). "தூக்கமில்லை, வேலை செய்ய முடியவில்லை, பள்ளி நாள்களிலும் இப்படி இருந்தது" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் பெனடோலோடு திரும்பி வருவீர்கள்.

பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைத் தரக்கூடும். 9 கேள்வி, கடந்த 2 வாரத்தைப் பற்றி, மொத்தம் 0 முதல் 27. 10-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்ப்பார். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தைராய்டும் ரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

தேவைப்பட்டால் பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடத்தின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே வழக்கமான வருகைக்கு 5 வெள்ளி. காத்திருப்பு நீளம், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களில் வேலை தேடவும் வேலையில் நிலைக்கவும் துணை நிற்கும் திட்டம் உண்டு. மருந்துச் சீட்டோடு அனுப்பிவிட்டால் நீங்களே அதைப் பற்றிக் கேளுங்கள்.

தனியாரிடம் போனால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசனைச் செலவு, 1,000 வெள்ளி வரம்புள்ள மருத்துவப் பரிசோதனை வரிச்சலுகைக்குள் 2022 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சேர்கிறது.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு (பேராவில் உள்ள பழைய மனநல மருத்துவமனை) அனுப்பிடுவாங்க" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பும் வெளிநோயாளிகள்.

மருந்து சாப்பிட்டால் வேலையில் மந்தமாகிவிடுவேனா?

முதல் வரிசை மருந்துகளான செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃபுளுவாக்செட்டின் ஆகியவை பொதுவாக மந்தமாக்குவதில்லை. முதல் 1-2 வாரம் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு கூடுவது உண்டு; பலன் தெரிய 2 முதல் 6 வாரம். பக்கவிளைவு முந்தி, பலன் பிந்தி வருவதால்தான் பலர் 10-ஆம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை முதல் சில வாரம் கூர்ந்து கவனிக்க வேண்டும்; சிலருக்கு உயிரை விடும் எண்ணம் அந்தக் கட்டத்தில் கூடலாம்.

குணமான பிறகு முதல் தடவை என்றால் இன்னும் 6 முதல் 9 மாதம், திரும்பத் திரும்ப வந்தது என்றால் 2 வருடமோ மேலுமோ தொடர்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு, எரிச்சல் வரலாம்; பலர் அதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்வார்கள். மருத்துவரோடு பேசி மெல்லக் குறையுங்கள்.

அல்பிரசோலம் போன்ற மாத்திரை வேறு வகை. உடனே அடக்கும், பழக்கமாகவும் ஆக்கும். குறுகிய காலத்துக்கு மேல் அதை நம்பி நிற்கக் கூடாது, சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது.

12 மணி நேர இரவு ஷிஃப்டில் இருக்கிறேன். தாங்குமா?

முன்பு மனச்சோர்வு வந்தவருக்குத் தூக்கக் கலைவு பெரிய தூண்டுகோல். 7-க்கு 7 இரவு ஷிஃப்டு என்றால், காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். பினாங்குப் பாலத்தின் மேல் அடிக்கும் வெயில் போதும், மூளை விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அறைக்குக் கனத்த திரை போடுங்கள். கடைசி காப்பி, படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன். விடுமுறை நாளில் முழுக்கப் பகலுக்கு மாறாமல், ஷிஃப்டு நாளில் தூங்கும் நேரத்தில் ஒரு 4 மணி நேரத்தையாவது அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கடிகாரப்படியா, எழும் நேரப்படியா சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். ஷிஃப்டு முடிந்து தூங்குவதற்காகக் குடிக்கும் பீரும் சம்சுவும் தூக்கத்தின் பின்பாதியைக் கலைக்கும், மறுநாள் சோர்வைக் கூட்டும்.

இத்தனையும் செய்து 2 மாதம் ஆகியும் தாங்கவில்லை என்றால், பகல் ஷிஃப்டு கேட்டு மருத்துவரின் கடிதத்தோடு எச்.ஆரைப் பாருங்கள்.

இன்டர்வியூவில் சொல்ல வேண்டுமா?

நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பின்னாளில் அதுவே நீக்கத்துக்குக் காரணமாகலாம். இடைவெளி வருடங்களைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியம் போதும்: "அப்போது உடல்நலம் சரியில்லை, சிகிச்சை முடிந்தது, இந்த வேலையை முழுதாகச் செய்ய முடியும்." அதோடு நிறுத்திவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

வேலையில் சேர்ந்தபின் யாரிடமாவது சொல்வதென்றால் நோயின் பெயரைவிடத் தேவையைச் சொல்வது பயன் தரும்: "செவ்வாய்க்கிழமை 2 மணி நேரம் கிளினிக் போக வேண்டும்." எம்.சி. முத்திரையில் மனநலப் பிரிவின் பெயர் இருப்பது சங்கடமானால், மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிப் பாருங்கள்.

அந்த வருடம் எஸ்.பி.எம். போய்விட்டது. இப்போது 28 வயது.

வழி இருக்கிறது. தனி விண்ணப்பதாரராக எஸ்.பி.எம். மறுபடி எழுதலாம். இப்போதே ஒரு தொழிலில் இருந்தால், திறன் மேம்பாட்டுத் துறையில் அனுபவத்தைக் காட்டும் கோப்பைச் சமர்ப்பித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். தேர்வு மண்டபத்தில் உட்கார வேண்டியதில்லை என்பதால் தேர்வுப் பதற்றம் உள்ளவர்களுக்கு இதை முதலில் சொல்வோம். ஏப்பல்-ஏ என்ற வழியில், 21 வயதுக்கு மேல் போதிய வேலை அனுபவம் உள்ளவர் எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) இல்லாமலே பட்டப்படிப்புக்கான தகுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வழிகளைப் பள்ளியை விட்டு வெளியே வந்தவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

கோயிலுக்குப் போகச் சொல்கிறார்கள், தாயத்து கட்டச் சொல்கிறார்கள்.

தண்ணீர்மலை ஏறி வந்தால் மனம் லேசாகிறது என்றால் போய் வாருங்கள், அது நல்லதே. அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் பிள்ளைக்கு 15 வயது. இப்போது என்ன செய்தால் பிற்காலம் தப்பும்?

முதலில் அடையாளம் காணுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமல்ல, எரிச்சலாகவும் வரும். பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, விடியும்வரை கேம், பிடித்த பந்தாட்டத்தைக்கூட விட்டது, இப்படி 2 வாரம் தொடர்ந்தால் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். 2022 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இளையோரில் 4 பேரில் ஒருவர் மனச்சோர்வு அடையாளம் காட்டினார், உங்கள் பிள்ளை தனியாக இல்லை.

பள்ளியை விட்டு முழுக்க நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். பள்ளிக் கவுன்சிலரோடு பேசி, முதல் வாரம் தினமும் 2 மணி நேரம், அடுத்த வாரம் ஓய்வு மணி வரை, பிறகு முழு நாள் என்று ஏற்றுங்கள். மேலே சொன்ன ஏணி இதுவேதான். 15 வயதில் ஏறினால் 30 வயதில் அது குட்டையாக இருக்கும். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. பிள்ளைக்குப் பேச ஓர் ஆள் கிடைக்கும்.

மறுபடி வருகிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் உங்களுக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரியும். நன்றாக இருக்கும்போதே உங்களுக்கே உரிய மூன்று அடையாளங்களை எழுதுங்கள். "4 மணிக்கே விழிப்பு", "வாட்ஸ்அப் திறப்பதில்லை", "துவைத்த சீருடை இல்லாமல் நேற்றையதையே போடுவது" போலக் கண்ணால் பார்க்கக்கூடியவையாக இருக்கட்டும். "மனசு சரியில்லை" என்று எழுதினால் பயனில்லை. இரண்டு அடையாளம் ஒரு வாரம் நீடித்தால் கிளினிக்கில் தேதி வாங்குவது என்று அதன் கீழேயே எழுதி, அந்தத் தாளின் நகல் ஒன்றை மனைவியிடமோ கணவரிடமோ ஓர் அறைத் தோழரிடமோ கொடுங்கள். தாளின் அடியில் மனநல உதவி எண்களான ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, உடனடி ஆபத்துக்கு 999 என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.